க்யூவைப் படிக்கத் தெரிந்தவர்கள்

ரமணாசிரமத்தின் பழைய நாட்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் தபால் அடிக்கடி வந்துபோகும். வந்த கடிதங்கள் பகவான் ரமணரின் பார்வைக்குப் போகும். அலுவலகத்தில் மௌனி ஸ்ரீநிவாச ராவ் போன்றவர்கள் பதில் எழுதி ஹாலுக்குக் கொண்டுவருவார்கள். பகவான் படித்து, திருத்த வேண்டியதைத் திருத்திக் கொடுப்பார். அதன் பிறகுதான் உறை, ஸ்டாம்ப், தபால் பை. 1934-இல் பால் பிரண்டன் ரமணரைப் பற்றியும் எழுதிய புத்தகம் லண்டனில் வெளியானதிலிருந்து வெளிநாட்டு முத்திரை குத்திய உறைகளும் கூடிக்கொண்டே போயின.

அன்றைக்கு ஒரு பதில் போய்ச் சேரவில்லை என்றால் காரணம் தேட வழியில்லை. ரயிலில் தவறியதோ, கப்பலில் தவறியதோ, விலாசக்காரர் வீடு மாறிவிட்டாரோ? பெட்டிக்குள் போட்ட கையோடு கடிதம் இருட்டுக்குள் போய்விடும். இன்று ஆசிரமம் இருக்கும் அதே செங்கம் சாலையில் கடிதங்கள் பெரும்பாலும் மின்னஞ்சலாகிவிட்டன. அறை வேண்டும் என்று கேட்பதும், இருக்கிறது, இல்லை என்று சொல்வதும் அதில்தான். அந்தக் கடிதங்களும் சில நாள் போகாமல் நின்றுவிடுகின்றன. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நின்றுபோன மின்னஞ்சல், தான் ஏன் நிற்கிறோம் என்பதையும் கூடவே எழுதி வைத்துக்கொண்டு நிற்கிறது. எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. சங்கீதத்திலும் சமையலிலும் கைப்பக்குவம் பார்த்து ரசிக்கிறவர்கள் இந்த வேலையை ஒருமுறை அருகில் நின்று பார்க்கலாம்.

கற்பனைக்கு ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ரமண நகர்ப் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை; பத்து அறை வாடகைக்கு விடுகிறது, கொஞ்சம் புத்தகம் போடுகிறது. மூலையில் தூசி படிந்த கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸும் போஸ்ட்ஃபிக்ஸும் ஓடுகின்றன. அதுதான் மெயில் சர்வர். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. அலுவலகத்து அக்கா நெட்வொர்க் பார்க்கிற பையனைப் போனில் பிடிக்கிறார்.

“தம்பி, காலையிலேர்ந்து ஒரு மெயிலும் போகலைப்பா.”

“அவுட்பாக்ஸ்ல நிக்குதாக்கா, இல்ல சென்ட்ல போயிடுச்சா?”

இந்தக் கேள்வியிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். கைத்தேர்ச்சி இல்லாதவர் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்றிருப்பார். இவர் இடத்தைக் கேட்கிறார். அவுட்பாக்ஸில் நிற்கிறது என்றால் கடிதம் மேசையை விட்டே கிளம்பவில்லை: கடவுச்சொல் மாறியிருக்கலாம், ஆஃப்லைன் பொத்தானில் கை பட்டிருக்கலாம், இணைப்புப் படம் கனமாக இருக்கலாம். சென்ட்டுக்குப் போய்விட்டது என்றால் மூலையில் இருக்கும் சர்வர் வாங்கிக்கொண்டது. நிற்பது அதன் க்யூவில். அங்கும் இல்லையென்றால் எதிர்த்தரப்புக்குப் போய்விட்டது, தேட வேண்டியது விருந்தாளியின் ஸ்பாம் பெட்டியில். “மெயில் போகலை” என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று ஊர்கள் இருக்கின்றன. எந்த ஊர் என்று தெரியாமல் வண்டி எடுப்பதில்லை.

கனமான படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலையின் அழகான போட்டோ ஒன்று 8 எம்பி என்று வைத்துக்கொள்வோம். மின்னஞ்சல் பிறந்த காலத்தில் வெறும் எழுத்துகளை மட்டுமே சுமக்கும்படி செய்யப்பட்டது. அதனால் படத்தின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் பயணம் போகிறது. 8 எம்பி படம் கிளம்பும்போது ஏறக்குறைய 11 எம்பி. போஸ்ட்ஃபிக்ஸ் தானாக வைத்துக்கொண்டிருக்கும் உச்சவரம்பு 1,02,40,000 பைட். படம் வாசலிலேயே நின்றுவிடும். “எட்டுதானே, பத்துக்குள்ளதானே இருக்கு” என்று அலுவலகம் சண்டை போடும். கணக்கு தெரிந்தவர் சிரித்துக்கொள்வார்.

அக்கா சொல்கிறார், சென்ட்டுக்குப் போய்விட்டது என்று. பையன் சர்வருக்குள் நுழைந்து மெயில்க்யூ என்று ஒரு சொல்லைத் தட்டுகிறார். திரையில் பட்டியல் விழுகிறது: கடிதத்தின் எண், அளவு, வந்த நேரம், அனுப்பியவர், பெறுபவர், அடைப்புக்குறிக்குள் காரணம்.

க்யூ என்றால் அண்ணாமலையார் கோயிலுக்கு வந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸின் க்யூவும் ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். புதிதாக வந்தவை ஒரு மண்டபத்தில். சந்நிதிக்கு அருகே விடப்பட்டவை இன்னொன்றில். அதற்குள் ஒரே நேரத்தில் 20,000 கடிதம் வரைதான். சந்நிதி வரை போய்த் திரும்பி வந்தவை தனி மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்கு டிஃபர்டு என்று பெயர். நிர்வாகியே நிறுத்தி வைத்தவை நான்காவது மண்டபத்தில். பட்டியலில் கடித எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது இப்போது சந்நிதியருகே நிற்கிறது. ஆச்சரியக்குறி இருந்தால் யாரோ பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் போய்த் திரும்பியது. ஒரு குறியில் ஒரு நிலை.

இதை வடிவமைத்தவர் வீட்ஸே வெனெமா என்கிற டச்சுக்காரர், படிப்பால் இயற்பியலாளர். நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம்மின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது எழுதி, 1998 டிசம்பரில் வெளியிட்டார். அதற்கு முன் உலகத்தின் தபாலில் பெரும்பகுதியைச் சுமந்தது பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில். சென்ட்மெயிலின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள், பூனை கீபோர்டு மேல் நடந்து போனதோ என்று கேட்பது வழக்கம். வெனெமாவின் பாணி வேறு. ஒரே பெரிய நிரலாக இல்லாமல், வேலைக்கு ஓர் ஆளாகப் பிரித்தார். எடுத்து வருபவர் ஒருவர், சுத்தம் செய்பவர் ஒருவர், வரிசையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர், வெளியே கொண்டுபோகிறவர் ஒருவர். ஒருவர் கெட்டாலும் மற்றவர் வேலை நிற்காது. தப்பு யாரிடம் என்பதும் உடனே தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியை நடத்திய அனுபவம் உள்ளவருக்கு இது புரியும்.

டிஃபர்டு மண்டபத்தின் பொறுமைதான் ரசிக்க வேண்டியது. போய்த் திரும்பிய கடிதம் 5 நிமிடம் காத்திருந்து மறுபடி போகும். திரும்பினால் இன்னும் அதிக நேரம் காத்திருக்கும். இடைவெளி வளர்ந்து வளர்ந்து 4,000 வினாடியில், அதாவது ஒரு மணி ஆறு நிமிடம் நாற்பது வினாடியில், நிற்கும். அதன்பின் அதே இடைவெளியில் 5 நாள் வரை தட்டிக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டில் ஆள் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறவனை யாருக்கும் பிடிக்காது. ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விடுகிறவனால் வேலை ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மரியாதையான பிடிவாதம். ஐந்தாம் நாள் முடிந்தால் மட்டும், முடியவில்லை என்று அனுப்பியவருக்கே ஒரு கடிதம் எழுதிவிட்டு ஓய்கிறது.

அந்த “முடியவில்லை” கடிதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதன் உறையில் அனுப்புநர் விலாசம் காலியாக விடப்பட்டிருக்கும். காரணம் எளிது: அந்தக் கடிதமும் போய்ச் சேராவிட்டால் அதற்கு இன்னொரு “முடியவில்லை” கடிதம் கிளம்பி, இரண்டு சர்வர்கள் ஒன்றுக்கொன்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டிருக்கும். அனுப்பியவர் இடம் காலி என்றால் திருப்பி அனுப்ப முடியாது, சங்கிலி அறுந்துவிடும். இந்த ஊர்க்காரருக்கு இதைக் கேட்டதும் வேறொரு கடிதம் நினைவுக்கு வராமல் போகாது. 1896 ஆகஸ்டில் மதுரை வீட்டை விட்டுக் கிளம்பிய, பின்னாளில் ரமணரான வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் எழுதி வைத்துவிட்டு வந்த சீட்டில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது. அதற்கும் பதில் போட விலாசம் இல்லை. ஒப்பிடக்கூடாத இரண்டு என்று தெரிந்தாலும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இனி அடைப்புக்குறிக்குள் இருக்கும் காரணம். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம் மின்னஞ்சல் சர்வர்கள் பேசிக்கொள்ளும் முறையை வகுத்தது. அவர்கள் பேச்சு மூன்று இலக்க எண்களில். 2-இல் தொடங்கினால் சரி. 4-இல் தொடங்கினால் இப்போது இல்லை, பிறகு வா. நிராயுதபாணியான ராவணனிடம் ராமன் சொன்னது இந்த ரகம். 5-இல் தொடங்கினால் என்றைக்கும் இல்லை, இந்தப் பக்கம் வராதே. 450 என்றால் பெட்டி இப்போது கைக்கு எட்டவில்லை. 452 என்றால் இடம் போதவில்லை. 550 என்றால் அப்படி ஒருவர் இங்கே இல்லை, அல்லது உன்னை உள்ளே விட மாட்டேன். நாற்பது ஆண்டு கடந்தும் இந்த எண்கள் மாறவில்லை. எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில வாக்கியத்தை ஒவ்வொரு சர்வரும் தன் குணப்படி எழுதிக்கொள்ளும். சில மரியாதையாக, சில எரிச்சலாக. தேர்ந்தவர் முதல் இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாக்கியத்துக்குப் போவார்.

போஸ்டலின் ஏற்பாட்டில் எல்லாவற்றையும்விட அழகான இடம் ஒரு புள்ளி. கடிதம் முழுவதும் சொல்லி முடித்தபின், தனி வரியில் ஒற்றைப் புள்ளி வைத்தால் முடிந்தது என்று பொருள். எதிர்ப்பக்கம் 250 என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் விழும் கணத்தில் பொறுப்பு கைமாறுகிறது. அதுவரை கடிதம் அனுப்புகிறவருடையது, தன் பிரதியை அழிக்கக் கூடாது. அதன்பிறகு பெறுகிறவருடையது, தொலைக்கக் கூடாது. புள்ளிக்கும் 250-க்கும் நடுவில் லைன் அறுந்தால்? அனுப்பியவர் போகவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்புவார். ஒரே கடிதம் இரண்டு முறை வந்து சேர்வதன் காரணங்களில் இது ஒன்று. ஒன்று தொலைவதைவிட இரண்டாகப் போவது மேல் என்று முடிவு செய்தவர்களின் ஏற்பாடு இது. க்யூவில் நிற்கும் ஒவ்வொரு கடிதமும் அந்த நாணயத்தின் விளைவு. நிற்கிறது என்றால் இன்னும் கைவிடவில்லை.

அலுவலகத்தின் கண்ணில் இது படுவதில்லை என்பது உண்மைதான். தீபத்துக்கு அறை கேட்டவர் வேறு விடுதிக்குப் போய்விடுவார்.

பையன் இப்போது க்யூஷேப் என்றொரு கருவியை ஓட்டுகிறார். போஸ்ட்ஃபிக்ஸோடு வரும் சின்னக் கருவி. வரிசைகளில் டொமைன் பெயர்கள், நெடுக்கே காத்திருக்கும் வயது: 5 நிமிடம், 10, 20, 40, 80, 160, 320, இப்படி இரட்டித்துக்கொண்டே. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கடிதம் என்ற எண். படித்த கண்ணுக்கு இந்தக் கட்டம் ஒரு ஜாதகம். எண்கள் எல்லாம் இடது பக்கம் குவிந்திருந்தால் சிக்கல் புதிது, ஒருவேளை தானே தீரும். வலது பக்கம் கனமாக இருந்தால் நேற்றிலிருந்தே ஏதோ கெட்டிருக்கிறது. ஒரே டொமைனின் வரிசை மட்டும் பருத்திருந்தால் கோளாறு அந்த வீட்டில், அல்லது அந்த வீட்டுக்கும் நமக்கும் இடையே உள்ள பகையில். எல்லா வரிசையும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் உலகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, நம் வீட்டு வாசல் அடைத்திருக்கிறது.

வாசல் என்று தெரிந்தால் அடுத்தது லாக். போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி எழுதும். அந்த வரியில் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் வரும். தாமதத்தின் நான்கு பங்கு. முதலாவது, கடிதம் வரிசைக்காரர் கைக்கு வருவதற்கு முன் கழிந்த நேரம். இரண்டாவது, வரிசையில் காத்திருந்த நேரம். மூன்றாவது, எதிர்வீட்டைத் தேடி, கதவைத் தட்டி, வணக்கம் சொல்ல ஆன நேரம். நான்காவது, கடிதத்தைச் சொல்லி முடிக்க ஆன நேரம். நாடி பார்க்கிற வைத்தியர் மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பிரிப்பதைப்போல, தேர்ந்தவர் இந்த நான்கைப் பிரித்துவிடுவார். இரண்டாவது எண் பெரிதா? சர்வருக்குச் சுமை. நான்காவது பெரிதா? லைன் மந்தம், அல்லது யாரோ கல்யாண ஆல்பம் அனுப்புகிறார்கள். மூன்றாவது எண் எல்லாக் கடிதத்திலும் ஒரே மாதிரி 30 என்று இருந்தால் இன்னும் எளிது. ஒரு கதவு திறக்க போஸ்ட்ஃபிக்ஸ் காத்திருக்கும் நேரம் சரியாக 30 வினாடி. எல்லாக் கதவும் 30 வினாடி திறக்கவில்லை என்றால் கதவுகள் மூடியிருப்பதைவிட, நம் தெருவே மூடியிருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். சர்வர்கள் கடிதம் பரிமாறிக்கொள்ளும் 25-ஆம் எண் வழியைப் பிராட்பேண்ட் நிறுவனங்கள் சிலசமயம் அடைத்துவிடும். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் புகுந்த வைரஸ்கள் அந்த வழியாகத்தான் ஸ்பாமைக் கொட்டின. அலுவலகம் இணைப்பை மாற்றிய மறுநாள் மெயில் நின்றது என்றால் பாதிக் கதை முடிந்தது.

“அக்கா, நேத்து நெட் மாத்தினீங்களா?”

“ஆமா தம்பி, புது கனெக்‌ஷன். ஸ்பீடு நல்லாருக்கே!”

கைதேர்ந்த வேலையில் இப்படி ஒரு கணம் உண்டு: கேள்விக்கு முன்பே பதில் தெரிந்திருக்கும். மற்றதெல்லாம் வழக்கமான வேலை. கடிதங்களைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதை விட்டுவிட்டு, கடவுச்சொல் சொல்லி 587-ஆம் வழியாக ஒரு பெரிய தபால்காரரிடம் ஒப்படைக்கும்படி மாற்ற வேண்டும். நம் பெயரில் யார் கடிதம் கொண்டுபோகலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரர்கள் இது போலிக் கடிதமோ என்று சந்தேகப்படுவார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்த விஷயத்தில் முன்பைவிடக் கறாராகிவிட்டன.

சின்ன அலுவலகத்துச் சின்னக் கேஸ் இது. இந்தக் கலையின் பெரிய கச்சேரிகள் வேறு. அவற்றில் முதலிடம் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தொண்ணூறுகளின் நடுவில் நடந்த ஒன்றுக்கு. அதைப் பார்த்த சிஸ்டம் நிர்வாகி ட்ரே ஹாரிஸ் 2002-இல் எழுதினார்.

புள்ளியியல் துறையின் தலைவர் அவரைப் போனில் கூப்பிட்டு, எங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு மேல் மெயில் போகவில்லை என்றார். ஹாரிஸுக்குக் குடித்துக்கொண்டிருந்த காபி புரையேறியது. மின்னஞ்சலுக்குத் தூரம் தெரியாது என்பது பால பாடம். ஆனால் புகார் சொன்னவர் புள்ளியியல்காரர். சில நாள் பொறுத்து, போதிய தரவு சேர்த்து, துறையில் இருந்த நிலப்புள்ளியியலாளர் ஒருவரை விட்டு வரைபடமும் போட்டு வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார். ஹாரிஸ் தானே சோதித்தார். ரிச்மண்டுக்குப் போயிற்று, அட்லாண்டாவுக்குப் போயிற்று, பிரின்ஸ்டனுக்குப் போயிற்று. 600 மைலில் இருந்த மெம்ஃபிஸுக்குப் போகவில்லை. 420 மைலில் நியூயார்க் சரி. 580 மைலில் பிராவிடன்ஸ் இல்லை. அதே மாநிலத்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்பிப் பார்த்தார். அவருடைய மெயில் சர்வர் சியாட்டிலில், அதுவும் போகவில்லை. ஆளின் தூரம் கணக்கில் இல்லை, சர்வரின் தூரம்தான் கணக்கு.

இங்கே ஒரு நிமிடம் நின்று அவர் கையைப் பார்க்க வேண்டும். முதல் வாக்கியத்திலேயே சிரித்துவிட்டுப் போனை வைத்திருக்கலாம். அவர் அபத்தமாக ஒலித்த புகாரை அப்படியே எடுத்துக்கொண்டு அளந்து பார்த்தார். அளவு புகாரோடு ஒத்துப்போனது. அதன்பிறகுதான் சர்வருக்குள் போனார். யாரோ ஒரு ஆலோசகர் வந்து இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார். மெயிலைத் தொடவே இல்லை என்றும் சொல்லியிருந்தார். உண்மையில் அந்தப் புதுப்பிப்பு சென்ட்மெயில் 8-ஐ எடுத்துவிட்டுப் பழைய 5-ஐ வைத்துவிட்டது. அமைப்புக் கோப்பு மட்டும் 8-க்காக ஹாரிஸ் எழுதியது. பழைய நிரலுக்குப் புதிய கோப்பின் நீளமான சொற்கள் புரியவில்லை. புரியாததைக் குப்பை என்று தாண்டிப்போனது. தாண்டிப்போனவற்றில் ஒன்று, எதிர் சர்வர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது. எழுதாத இடத்தில் பூஜ்யம் வந்து உட்கார்ந்தது. பூஜ்யம் என்றாலும் அந்த இயந்திரத்தின் வேகத்தில் கைவிடுவதற்குள் மூன்று மில்லிவினாடிக்குச் சற்று மேல் கழிந்துவிடும். பல்கலைக்கழக வலையில் இடையே நிறுத்தங்கள் இல்லாததால், அந்த நேரத்தில் பெரும்பகுதி வெறும் பயணத்துக்கே போனது. ஹாரிஸ் அலகு மாற்றும் நிரலில் தட்டிப் பார்த்தார்: மூன்று மில்லிவினாடியில் ஒளி போகும் தூரம் 558 மைல்.

கணக்கில் ஓட்டை தேடியவர்களும் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி முழு வேகத்தில் போகாது. போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். அவர்கள் சொல்வது நியாயம். சில விவரங்களைச் சொல்வதற்கு வசதியாக மாற்றிக்கொண்டதை ஹாரிஸும் ஒப்புக்கொண்டார். அது கதையின் எலும்பை அசைக்கவில்லை. 558 மைல் என்பது 900 கிலோமீட்டர். அந்த நோய் ரமண நகரில் ஒரு சர்வருக்கு வந்திருந்தால் ஹைதராபாத்துக்கும் கொழும்புக்கும் கடிதம் போகும்; மும்பைக்கும் நாக்பூருக்கும் போகாது. மலையை மையமாக வைத்து காம்பஸால் ஒரு வட்டம் போட்டு, அதற்கு வெளியே உள்ளவர்களுக்கு அறை கிடையாது என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது கச்சேரி உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தது. 2022 ஜனவரி 1. உலக நேரப்படி நள்ளிரவு; நம் ஊரில் மார்கழி விடிகாலை ஐந்தரை. அலுவலகங்களில் சொந்தமாக மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர் வைத்திருந்தவர்களின் கடிதங்கள் க்யூவில் நிற்கத் தொடங்கின. உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. லைன் சரி, வட்டு சரி, கடவுச்சொல் சரி. லாகில் மட்டும் ஒரு புலம்பல்: 2201010001 என்ற எண்ணை மாற்ற முடியவில்லை.

எண்ணைப் பிரித்துப் படித்தவர்களுக்கு விஷயம் விளங்கியது. 22, 01, 01, பிறகு 0001. ஆண்டு, மாதம், நாள், அன்றைய முதல் பதிப்பு. கடிதங்களில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பகுதி தன் பதிப்பு எண்ணை இப்படி எழுதிக்கொண்டிருந்தது. அதை வைக்க ஒதுக்கியிருந்த இடமோ 32 பிட் முழு எண்; அதில் 2,147,483,647 வரைதான் கொள்ளும். 2021 டிசம்பர் 31 வரை எண் 211231 என்று தொடங்கி உள்ளே அடங்கிற்று. 22 பிறந்ததும் பாத்திரம் வழிந்தது. வைரஸ் பார்ப்பவர் விழுந்ததும், பார்க்காத கடிதத்தை விடக்கூடாது என்ற விதிப்படி எல்லாக் கடிதமும் நின்றது. அவை அழியாமல் க்யூவிலேயே நின்றன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 250 சொன்ன பின் தொலைக்காதே என்ற பழைய நாணயம் இங்கும் காப்பாற்றியது.

மைக்ரோசாஃப்ட் தந்த மாற்று எண் 2112330001. அதாவது 2021 டிசம்பர் 33. பாத்திரத்தைப் பெரிதாக்கும் வரை தேதியைச் சின்னதாக்கி வைத்துவிட்டார்கள். தமிழ் மாதங்களில் 32 நாள் வருவதுண்டு, ஆனியிலோ ஆடியிலோ. 33 எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. ஒரு நிர்வாகியின் கையில் வேலை முடிய வேண்டிய அவசரமும் ஒரு நமுட்டுச் சிரிப்பும் சேர்ந்தால் இப்படித்தான் வரும். சுத்தமான தீர்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் புத்தாண்டுக் காலையில் அதைவிட அழகான தீர்வு இருந்திருக்க முடியாது என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

தமிழ்நாட்டுக் கச்சேரி ஒன்றும் இருக்கிறது. 2018 செப்டம்பர் 24 அன்று சென்னையைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் மெயிலும் மற்றச் சேவைகளும் உலகம் முழுவதும் பலருக்குக் காணாமல் போயின. சென்னைக்காரர்களின் சர்வர்கள் எல்லாம் நலமாக ஓடிக்கொண்டிருந்தன. போனது விலாசம். அவர்களுடைய டொமைன் பெயரைப் பதிவில் வைத்திருந்த அமெரிக்க நிறுவனம், போலி மெயில் புகார்கள் சிலவற்றைக் காரணம் காட்டி அந்தப் பெயரையே நிறுத்திவைத்துவிட்டது. வீடு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், தெருப் பலகையை யாரோ பிடுங்கிவிட்டார்கள். ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பொதுவெளியில் உதவி கேட்டார். பெயர் சில மணி நேரத்தில் திரும்பியது. ஆனால் இணையத்தின் விலாசப் புத்தகங்கள் கேட்டதை உடனே மறப்பதில்லை, உடனே கற்பதும் இல்லை. பலகையைத் திரும்ப நட்ட பிறகும் பலர் பழைய வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு விலாசப் புத்தகத்தைப் பார்க்கும்படி அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இத்தகைய நோயில் சர்வர் லாகைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. பெயரைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எதைப் பார்க்கக் கூடாது என்று தெரிவதும் வித்தையில் சேர்த்திதான்.

ரீஸ்டார்ட் வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது சில சமயம் பலிக்கும்; பலிப்பதுதான் அதன் கெடுதல். ஏன் நின்றது என்பது தெரியாமலே ஓட ஆரம்பித்துவிடும், அடுத்த மாதம் மறுபடி நிற்கும். அதைவிட மோசம், க்யூவை மொத்தமாகத் தள்ளிவிடும் கட்டளையை மறுபடி மறுபடி தட்டுவது. பிறகு வா என்று சொன்ன எதிர்வீட்டை ஐந்து நிமிடத்தில் ஐம்பது முறை தட்டினால், 4-இல் பேசிக்கொண்டிருந்தவர் 5-இல் பேச ஆரம்பிப்பார். சில சர்வர்கள் புதிதாக வருபவரை முதல் தடவை வேண்டுமென்றே திருப்பி அனுப்பி, பொறுத்திருந்து மறுபடி வருகிறாரா என்று பார்ப்பதும் உண்டு. ஸ்பாம் கொட்டுகிறவனுக்குப் பொறுமை கிடையாது என்பது அவர்கள் கணிப்பு. எல்லாவற்றிலும் பெரிய பாவம் க்யூவைக் காலி செய்வது. “க்ளியர் பண்ணிட்டேன் சார், இப்ப ஃப்ரீயா இருக்கு” என்று பெருமையாகச் சொல்வார்கள். க்ளியர் ஆனது நாற்பது பேருக்கு எழுதிய பதில்.

ரமண நகர் அலுவலகத்தில் பையன் வேலையை முடிக்கிறார். அமைப்பை மாற்றி, ஒரே ஒரு கடிதத்தை மட்டும் முதலில் கிளப்பி விடுகிறார். லாகில் 250 விழுகிறது. நான்கு எண்களில் மூன்றாவது அரை வினாடிக்குக் கீழே வந்துவிட்டது. அதன்பிறகுதான் மற்றவற்றை அவிழ்க்கிறார். பட்டியல் நாற்பதிலிருந்து இருபது, பதினொன்று, நான்கு என்று கரைகிறது. வெளியே செங்கம் சாலையில் ஆட்டோக்கள் சிவனடியார்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் ஒரே மாதிரி ஹாரன் அடிக்கின்றன. அக்கா காபி கொண்டுவந்து வைக்கிறார்.

ஒன்று மட்டும் போகவில்லை. பையன் அந்த வரியைப் பெரிதாக்கிப் படிக்கிறார். ஜிமெயில் என்று அடிக்க வேண்டியதில் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது. அப்படியும் ஒரு டொமைன் எங்கோ யாரிடமோ இருக்கும் போலிருக்கிறது. வீடு இருக்கிறது, கதவு திறக்கவில்லை என்று பெரிய தபால்காரர் அதை வாங்கிக்கொள்ளாமல் 4-இல் பதில் சொல்கிறார். அதனால் கடிதம் 5 நாள் நின்று தட்டிக்கொண்டே இருக்கும்.

“இதை என்னப்பா பண்றது, அழிச்சிரலாமா?”

“வேணாம்க்கா, அது பாட்டுக்கு இருக்கட்டும். ரிஜிஸ்டர்ல இவங்க போன் நம்பர் இருக்கா பாருங்க.”

அக்கா போன வருஷத்து நோட்டை எடுத்துப் புரட்டுகிறார்.